செக் ரிட்டர்ன் ஆகி 30 நாள் தாண்டிடுச்சு, நடுவுல 40 ஆயிரமும் வாங்கிட்டேன்: இனி கேஸ் போட முடியுமா?

வணக்கம். இன்னைக்கு எடுத்துக்கிற கேள்வி ஈரோட்டுல இருந்து வந்திருக்கு. கேள்வி கொஞ்சம் நீளம், சுருக்கிச் சொல்லிடறேன். தெரிஞ்சவர் ஒருத்தருக்கு 3 லட்சம் கைமாத்தா கொடுத்திருக்காரு. அதுல 1,80,000 பேங்க் மூலமா, மிச்சம் ரொக்கம். வாங்கினவர் கையெழுத்து மட்டும் போட்டு ஒரு செக் கொடுத்தாரு. பேரு, தொகை, தேதி எல்லாம் இவரே நிரப்பிக்கிட்டாரு. செக் தேதி ஜனவரி 10. ஜனவரி 22-ம் தேதி பணம் இல்லைன்னு ரிட்டர்ன் ஆகி மெமோ கைக்கு வந்திருக்கு. உடனே போன் பண்ணா, "அண்ணே, அடுத்த மாசம் போடுங்க, கண்டிப்பா இருக்கும்"னு சொல்லியிருக்காரு. பிப்ரவரி 12-ம் தேதி 40 ஆயிரம் ஜிபேல அனுப்பியும் இருக்காரு. அப்புறம் போன் எடுக்கலை. இப்போ மார்ச் மாசம் ஆயிடுச்சு. "வக்கீல் நோட்டீஸ் 30 நாளுக்குள்ள அனுப்பணுமாமே, என் கேஸ் போச்சா சார்?" இதான் கேள்வி.

போகலை. ஆனா அந்த 30 நாளை விட, இடையில வாங்கின அந்த 40 ஆயிரம்தான் உங்களுக்குப் பெரிய சிக்கல். நீங்க அதைப் பத்திக் கேட்கவே இல்லை. ரெண்டையும் பார்த்துடுவோம்.

முதல்ல நாள் கணக்கு. செக் பவுன்ஸ் கேஸ் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ம் பிரிவுல வருது. செக் திரும்பின தகவல் பேங்க்ல இருந்து உங்களுக்குக் கிடைச்ச நாள்ல இருந்து 30 நாளுக்குள்ள, பணத்தைக் கேட்டு எழுத்து மூலமா நோட்டீஸ் கொடுக்கணும். இந்த 30 நாளைத் தாண்டிட்டா கோர்ட்டுக்கே அதை மன்னிக்கிற அதிகாரம் கிடையாது. பின்னாடி வர்ற புகார் மனுவுல தாமதம் ஆனா, தகுந்த காரணம் சொல்லி மன்னிப்பு கேட்டு மனு போடலாம். நோட்டீஸுக்கு அந்த வழி இல்லை. "அடுத்த மாசம் போடுங்க"ன்னு அவர் சொன்னதுக்கும் நாள் நிற்காது. பாதி பேருக்கு கேஸ் கைநழுவிப் போறது இந்த வாய்தாவுலதான்.

உங்களுக்கு வழி எங்கே இருக்குன்னா, ஒரு செக்கை அது செல்லுபடியாகுற காலத்துக்குள்ள எத்தனை தடவை வேணும்னாலும் போடலாம். ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் புது 30 நாள் ஆரம்பிக்குது. முதல் தடவை நோட்டீஸ் விடலைன்னாலும் சரி, நோட்டீஸ் விட்டுட்டு கேஸ் போடாம விட்டிருந்தாலும் சரி, மறுபடி போட்டு அதுல கேஸ் நடத்தலாம்னு 2012-ல சுப்ரீம் கோர்ட் எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்குல தெளிவா சொல்லிடுச்சு. செக்கோட ஆயுள் அதுல எழுதியிருக்கிற தேதியில இருந்து 3 மாசம். முன்னாடி 6 மாசமா இருந்துச்சு, 2012 ஏப்ரல்ல இருந்து 3 மாசம் ஆக்கிட்டாங்க. உங்க செக்குக்கு ஏப்ரல் 9 வரைக்கும்னு வெச்சுக்கோங்க. ஆனா கடைசி வாரம் வரைக்கும் காத்திருக்காதீங்க, நடுவுல பேங்க் லீவு வரும்.

இப்போ அந்த 40 ஆயிரம். செக்ல இருக்கிறது 3 லட்சம். இன்னைக்கு அவர் உங்களுக்குத் தர வேண்டியது 2,60,000. அதே செக்கை 3 லட்சத்துக்கு அப்படியே போட்டு, திரும்பினதும் 138-ல கேஸ் போட்டீங்கன்னா, எதிர்தரப்பு வக்கீல் அந்த ஜிபே ஸ்டேட்மென்ட்டை எடுத்து நீட்டுவாரு. செக் போட்ட நாள்ல 3 லட்சம் கடனே இல்லையே, சட்டப்படி வசூலிக்கக்கூடிய கடனுக்கும் செக் தொகைக்கும் பொருந்தலையேன்னு கேட்பாரு. 2022-ல தசரத்பாய் படேல் வழக்குல சுப்ரீம் கோர்ட் இந்த வாதத்தை ஏத்துக்கிட்டுது. செக் கொடுத்த பிறகு, அதை பேங்க்ல போடறதுக்கு முன்னாடி, ஒரு பகுதி பணம் வந்திருந்தா அதை செக்லயே குறிக்கணும். குறிக்காம முழுத் தொகைக்குப் போட்டா 138 நிற்காதுன்னு தீர்ப்பு. ஜனவரியில முதல் தடவை போட்டப்போ உங்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அப்பவே நோட்டீஸ் விட்டிருந்தா கேஸ் சுத்தமா இருந்திருக்கும். மறுபடி போடும்போதுதான் இது வருது.

இதுக்கு ரெண்டு வழி. நான் முதல்ல சொல்றது, மீதி 2,60,000-க்கு புது செக் வாங்கறது. வாங்கும்போது ஒரு வெள்ளைத்தாள்ல, "3 லட்சம் வாங்கினேன், 40 ஆயிரம் கொடுத்துட்டேன், மீதி 2,60,000-க்கு இந்த நம்பர் செக் கொடுக்கறேன்"னு நாலு வரி எழுதி தேதியோட கையெழுத்து வாங்கிடுங்க. பழைய செக்கை அப்புறமா திருப்பிக் கொடுங்க. புது செக்குக்கு புது தேதி, புது 3 மாசம். அதுக்குன்னு இதுக்காக மாசக்கணக்கா அலையாதீங்க. ஒரு வாரம், அவ்வளவுதான். பழைய செக்கோட ஆயுள் ஓடிட்டே இருக்கு.

அவர் கொடுக்கலைன்னா ரெண்டாவது வழி. அதே சட்டத்துல 56-ம் பிரிவு இருக்கு. செக்கோட பின்பக்கம், "12 பிப்ரவரி அன்று ரூ. 40,000 வரவு, மீதி ரூ. 2,60,000"ன்னு எழுதி நீங்க கையெழுத்துப் போட்டு, மீதித் தொகைக்கு போடலாம். முன்பக்கம் இருக்கிற தொகையில கையே வைக்கக் கூடாது. அடிச்சு எழுதினா செக்கே கெட்டுப் போயிடும். சட்டம் இப்படி இருக்கு, நடைமுறைன்னு பார்த்தா பேங்க்ல இப்போ செக்கை ஸ்கேன் பண்ணித்தான் அனுப்பறாங்க. டிராப் பாக்ஸ்ல போட்டீங்கன்னா யாரும் பின்பக்கத்தைப் படிக்க மாட்டாங்க. அதனால கிளைக்கு நேர்ல போய், மேனேஜர்கிட்ட ஒரு கடிதம் கொடுத்து, அதோட நகல்ல சீல் வாங்கிக்கோங்க. செக்கோட ரெண்டு பக்கமும் போடறதுக்கு முன்னாடி ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்கோங்க.

"அந்த 40 ஆயிரத்தை வட்டின்னு சொல்லிக்கலாமா?" அப்படின்னும் சிலர் கேட்பாங்க. வட்டி எழுத்துல பேசியிருந்தா, புரோநோட்ல இருந்தா, சொல்லலாம். வாய்ப்பேச்சு வட்டியை நம்பி இதைச் செய்யாதீங்க. தவிர, கந்து வட்டிக் கணக்கு வெளிய வந்தா தமிழ்நாட்டுல 2003-ல வந்த சட்டம் தனியா இருக்கு. புகார் கொடுக்கப் போன நீங்க புகாருக்கு உள்ளாவீங்க.

செக் திரும்பியாச்சுன்னு வெச்சுக்குவோம். மெமோ மார்ச் 14-ம் தேதி கைக்கு வருதுன்னா, மறுநாள் 15-ல இருந்து எண்ணுங்க. 30-வது நாள் ஏப்ரல் 13. அதுக்குள்ள நோட்டீஸ் தபால்ல போயிருக்கணும். மெமோல பேங்க் சீல், தேதி, காரணம் இருக்கான்னு பாருங்க. காரணம் பணம் இல்லைன்னுதான் இருக்கணும்னு இல்லை. அக்கவுன்ட் குளோஸ், கையெழுத்து மாறுது, பேமென்ட்டை நிறுத்தச் சொல்லியிருக்காருன்னு வந்தாலும் 138 வரும். ஸ்டாப் பேமென்ட்ல மட்டும், கணக்குல பணம் இருந்துச்சு, நியாயமான காரணத்துக்குத்தான் நிறுத்தினேன்னு அவர் நிரூபிச்சா தப்பிக்கலாம்.

நோட்டீஸ்ல செக் நம்பர், தேதி, பேங்க், எந்தக் கடனுக்காக, எப்போ திரும்புச்சு, "நோட்டீஸ் கிடைச்ச 15 நாளுக்குள்ள இந்தத் தொகையைக் கொடு" இதெல்லாம் வரணும். தொகையில ஒரு சைபர் கூடக் குறையவோ கூடவோ கூடாது. 2025-ல ஒரு வழக்கு, காவேரி பிளாஸ்டிக்ஸ்னு. செக் 1 கோடிக்கு, நோட்டீஸ்ல 2 கோடின்னு போயிடுச்சு. தட்டச்சுப் பிழைன்னு சொல்லிப் பார்த்தாங்க. சுப்ரீம் கோர்ட் ஒத்துக்கலை, கேஸ் போச்சு. வட்டி, நோட்டீஸ் செலவு கேட்கணும்னா தனித் தனி வரியில கேளுங்க, செக் தொகை தனியா தெரியணும். பின்பக்கம் வரவு எழுதிப் போட்ட செக்குன்னா 3 லட்சம், 40 ஆயிரம், 2,60,000 மூணையும் சொல்லி, 2,60,000-ஐ மட்டும் கேட்கணும். வக்கீல்கிட்ட அந்த ஜிபே விஷயத்தை மறைக்காதீங்க. நோட்டீஸ்ல 3 லட்சம்னு அடிச்சுடுவாரு.

ஒப்புகையோட தபால்ல அனுப்புங்க, வீட்டு விலாசம், கடை விலாசம் ரெண்டுக்கும். வாங்க மறுத்துட்டாரு, கதவு பூட்டியிருக்குன்னு திரும்பி வந்தா பயப்பட வேண்டாம். விலாசம் சரியா இருந்தா அது சேர்ந்ததாத்தான் கணக்கு. திரும்பி வந்த கவரைப் பிரிக்காம அப்படியே வையுங்க. தபால் டிராக்கிங் பக்கத்தை உடனே பிரின்ட் எடுத்துடுங்க, ஆறு மாசம் கழிச்சுத் தேடினா இணையத்துல இருக்காது.

நோட்டீஸ் மார்ச் 27-ல அவர் கைக்குப் போகுதுன்னா, 28-ல இருந்து 15 நாள், ஏப்ரல் 11 வரைக்கும் அவருக்கு டைம். கொடுக்கலைன்னா ஏப்ரல் 12-ம் தேதி உங்களுக்கு வழக்கு உரிமை வருது. அதுல இருந்து ஒரு மாசம், அதாவது மே 12-க்குள்ள புகார் மனு. 15 நாள் முடியறதுக்கு முன்னாடி அவசரப்பட்டுப் போட்டீங்கன்னா அந்தப் புகார் செல்லாது. சீக்கிரம் போனா கெட்டிக்காரத்தனம்னு நினைச்சு இதுல மாட்டினவங்க இருக்காங்க.

எந்தக் கோர்ட்? போலீஸ் ஸ்டேஷன் கிடையாது, மாஜிஸ்திரேட் கோர்ட்ல தனிப் புகார். 2015 திருத்தத்துக்கு அப்புறம், உங்க அக்கவுன்ட் இருக்கிற கிளை எந்த எல்லையில இருக்கோ அந்தக் கோர்ட். அவர் திருப்பூர்ல இருந்தாலும் உங்க கணக்கு ஈரோட்டு கிளையில இருந்தா ஈரோட்டுல போடலாம். அவர் கம்பெனி பேர்ல செக் கொடுத்திருந்தா கம்பெனியையும் எதிரியா சேர்க்கணும், நோட்டீஸும் கம்பெனிக்குப் போகணும். மனைவி கணக்கு செக்ல மனைவி கையெழுத்துன்னா, கடன் வாங்கின புருஷன் மேல 138 போட முடியாது.

நீங்களே செக்கை நிரப்பினதைப் பத்தி. அது பிரச்சினையே இல்லை. கையெழுத்து அவருதுன்னா, வேற யாரோ நிரப்பினாங்கன்னு சொல்லித் தப்பிக்க முடியாதுன்னு 2019-ல பீர் சிங் வழக்குல சொல்லியாச்சு. கையெழுத்தை ஒத்துக்கிட்டா கடனுக்காகத்தான் செக்குன்னு கோர்ட் முதல்ல எடுத்துக்கும். இல்லைன்னு காட்ட வேண்டியது அவரோட பொறுப்பு.

ரொக்கமா கொடுத்த 1,20,000-ஐத்தான் அவங்க குடைவாங்க. 20 ஆயிரமோ அதுக்கு மேலயோ கடனை ரொக்கமா வாங்கக் கூடாதுன்னு வருமான வரிச் சட்டம் சொல்லுது, அதனால கடனே செல்லாதுன்னு வாதாடுவாங்க. 2025-ல சுப்ரீம் கோர்ட் அதைத் தள்ளிடுச்சு. அபராதம் வந்தா வாங்கினவருக்குத்தான், அதுக்காக கடன் இல்லாமப் போயிடாது. அடுத்து, "உங்ககிட்ட அவ்வளவு பணம் எங்கே இருந்து வந்துச்சு?"ன்னு குறுக்கு விசாரணையில கேட்பாங்க. இதுக்குத்தான் நிறைய பேர் திணறுறாங்க. பேங்க்ல எடுத்த பதிவு, நகை அடகு ரசீது, மஞ்சள் வித்த பில், எதுவா இருந்தாலும் இப்பவே தேடி எடுத்து வையுங்க.

தண்டனை 2 வருஷம் வரைக்கும், செக் தொகையைப் போல ரெண்டு மடங்கு வரைக்கும் அபராதம். கேஸ் நடக்கும்போதே 20 சதவீதம் வரைக்கும் இடைக்காலமா கொடுக்கச் சொல்லி மனு போடலாம், கோர்ட் விருப்பம்தான், கட்டாயம் இல்லை. ஆறு மாசத்துல முடிக்கப் பார்க்கணும்னு சட்டத்துல இருக்கு. நடைமுறையில அப்படி முடியறது அபூர்வம். எந்தக் கட்டத்துலயும் சமாதானமா முடிச்சுக்கலாம், லோக் அதாலத்துல நிறைய செக் கேஸ் அப்படித்தான் முடியுது. சமாதானத்துல தவணை போட்டுக் கொடுத்தா, கடைசித் தவணை வர்ற வரைக்கும் கேஸை வாபஸ் வாங்காதீங்க.

புது செக்கும் கிடைக்கலை, பேங்க்ல பின்பக்கக் குறிப்போட வாங்கவும் மாட்டேங்கறாங்க, ஏப்ரல் 9-ம் போயிடுச்சுன்னா, சிவில் கேஸ் இருக்கு. கடன் கொடுத்த நாள்ல இருந்து 3 வருஷம். தமிழ்நாட்டுல கோர்ட் ஃபீஸ் 3 சதவீதம், 2,60,000-க்கு 7,800 ரூபாய் வரும். 138 கேஸ் போட்டாலும் இதையும் சேர்த்தே நடத்தலாம், ஒண்ணு இன்னொண்ணைத் தடுக்காது. நீங்க கடன் கொடுத்த தேதியைக் கேள்வியில எழுதலை. பேங்க் டிரான்ஸ்ஃபர் தேதியைப் பாருங்க, அதுல இருந்து 3 வருஷம் நெருங்குதுன்னா செக்குக்காகக் காத்திருக்காம சிவில் மனுவை முதல்ல போட்டுடுங்க.