அறிவியல் பள்ளி நுழைவுத் தேர்வுக்கு எதைப் படிக்க வேண்டும்? குவீன்ஸ் தாயார் ஒருவரின் சந்தேகங்களுக்கு விளக்கம்

அனைவருக்கும் வணக்கம். நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியிலிருந்து ஒரு தாயார் கேள்வி அனுப்பியிருக்கிறார். அவருடைய மகன் ஏழாம் வகுப்பில் படிக்கிறான். விண்வெளி, இயற்பியல் என்றால் அவனுக்கு உயிர். பிராங்ஸ் சயன்ஸ் உயர்நிலைப் பள்ளியில் சேர வேண்டும் என்பது அவன் ஆசை. வரும் நவம்பரில், எட்டாம் வகுப்பில் இருக்கும்போது, நகரின் சிறப்பு உயர்நிலைப் பள்ளிகளுக்கான எஸ்.எச்.எஸ்.ஏ.டி. என்னும் நுழைவுத் தேர்வை எழுதப் போகிறான். அதற்கு எந்த அறிவியல் புத்தகங்களை வாங்கிக் கொடுப்பது, பயிற்சி மையத்தில் சேர்த்தே ஆக வேண்டுமா, பள்ளியில் கணக்கில் முதலிடம் பெறுபவன் மாதிரித் தேர்வில் ஏன் பின்தங்குகிறான், பள்ளிகளின் வரிசையை எப்படி எழுதுவது என்று நான்கு சந்தேகங்களைக் கேட்டிருக்கிறார்.

முதல் சந்தேகத்துக்கான விடை உங்களை வியப்பில் ஆழ்த்தலாம், சகோதரி. இந்தத் தேர்வில் அறிவியல் பாடமே கிடையாது. 1938-இல் தொடங்கப்பட்டு, ஸ்டீவன் வைன்பெர்க், ஷெல்டன் கிளாஷோ என்று ஒரே ஆண்டில், 1950-இல், படித்து வெளியேறிய இருவர் பிற்காலத்தில் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொள்ளும் அளவுக்குப் பெயர் பெற்ற ஒரு பள்ளிக்குள் நுழைய, ஒரு குழந்தை எழுதும் தேர்வில் அணுவைப் பற்றியோ உயிரணுவைப் பற்றியோ ஒரு கேள்வியும் நேரடியாகக் கேட்கப்படுவதில்லை. இருப்பவை இரண்டே பகுதிகள்: ஆங்கிலம், கணிதம். பல ஆண்டுகளாக இருந்துவரும் அமைப்பின்படி பகுதிக்கு 57 என மொத்தம் 114 கேள்விகள். இரண்டுக்கும் சேர்த்து 180 நிமிடங்கள். கணிப்பானுக்கு அனுமதியில்லை.

பள்ளியில் பெற்ற மதிப்பெண், ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம், அறிவியல் கண்காட்சியில் வாங்கிய பரிசு எதுவும் இந்தச் சேர்க்கையில் கணக்கில் வராது. ஸ்டைவசன்ட், பிராங்ஸ் சயன்ஸ், புரூக்ளின் டெக் ஆகிய மூன்று பள்ளிகளுக்கும் தேர்வு ஒன்றே அடிப்படை என்று 1971-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் சொல்கிறது. அதே தேர்வைப் பயன்படுத்தும் மற்ற ஐந்து பள்ளிகளிலும் நடைமுறை அதுதான். ஆண்டுதோறும் 25,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் எழுதுகிறார்கள். ஏறத்தாழ 4,000 பேருக்கு இடம் கிடைக்கிறது. அறிவியல் ஆர்வத்தை வைத்து மட்டும் இந்தத் தேர்வைக் கடக்க முடியாது என்பதை உங்கள் மகனிடம் இப்போதே மென்மையாகச் சொல்லிவிடுங்கள். அதற்காக அவனுடைய விண்வெளிப் புத்தகங்களைப் பூட்டி வைத்துவிடாதீர்கள். அவை எப்படி உதவும் என்பதையும், ஓரிடத்தில் எப்படி இடறச் செய்யும் என்பதையும் சொல்கிறேன்.

உங்கள் மூன்றாவது சந்தேகத்தை, அதாவது கணக்கில் முதலிடம் பெறும் பிள்ளை ஏன் பின்தங்குகிறான் என்பதை, முதலில் எடுத்துக்கொள்கிறேன். எல்லாவற்றுக்கும் வேர் அதில்தான் இருக்கிறது. வாரஇறுதிகளில் இந்தத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் அனுபவத்தில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். நம் தமிழ்க் குடும்பங்களில் பெற்றோர் கணக்கைத் தினமும் கவனிக்கிறார்கள். ஆங்கில வாசிப்பை, 'இங்கேயே பிறந்த பிள்ளை, ஆங்கிலம் தானாக வரும்' என்று விட்டுவிடுகிறார்கள். பேச்சு ஆங்கிலம் தானாக வரும் என்பது உண்மை. ஆனால் ஒரு பழைய கவிதையில் பேசுபவரின் மனநிலை மூன்றாவது பத்தியில் ஏன் மாறுகிறது என்று கேட்டால் விடை சொல்லும் வாசிப்பு தானாக வருவதில்லை. தேர்வின் சரிபாதி ஆங்கிலம். அதில் சிறு பங்கு இலக்கணத் திருத்தமும் பத்தித் திருத்தமும். பெரும்பங்கு கட்டுரை, கதை, கவிதை ஆகியவற்றைப் படித்து விடையளிப்பது. உங்கள் மகனுடைய மாதிரித் தேர்வுத் தாளை எடுத்து, இழந்த மதிப்பெண்கள் எந்தப் பகுதியில் போயின என்று முதலில் எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் வாசிப்புப் பகுதியில்தான் போயிருக்கும் என்பது என் கணிப்பு.

அறிவியலை நேசிக்கும் பிள்ளைகள் வாசிப்பில் இடறும் இடம் ஒன்று உண்டு. தேனீக்களைப் பற்றி ஒரு பத்தி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தேனீக்கள் நடனமாடிப் பூக்கள் இருக்கும் திசையை மற்றத் தேனீக்களுக்குத் தெரிவிக்கின்றன என்பது அந்தப் பத்தியின் மையம். நான்கு விடைகளில் ஒன்று, 'தேனீக்கள் பயிர்களின் மகரந்தச் சேர்க்கைக்கு உதவுகின்றன' என்று இருக்கும். அது உலகறிந்த உண்மை. ஆனால் பத்தி அதைச் சொல்லவில்லை. தெரிந்ததைக் கண்ட மகிழ்ச்சியில் பிள்ளை அதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறான். தவறு என்று சொன்னால், 'உண்மைதானே, எப்படித் தவறாகும்?' என்று வாதாடுவான். அறிவாளிப் பிள்ளைதான் இங்கே அதிகம் தோற்கிறான் என்பதை நான் மீண்டும் மீண்டும் பார்த்து வருந்தியிருக்கிறேன். ஒவ்வொரு விடைக்கும் 'இதைப் பத்தியின் எந்த வரி சொல்கிறது? விரலை வைத்துக் காட்டு' என்று கேளுங்கள். விரல் வைக்க வரி இல்லையென்றால் அந்த விடை உண்மையாக இருந்தாலும் சரியான விடை ஆகாது. இரண்டு மாதம் இப்படிக் கேட்டால் பிறகு அவனே தன்னைக் கேட்டுக்கொள்வான்.

விண்வெளிப் புத்தகங்கள் உதவுவதும் இங்கேதான். அவன் விரும்பிப் படிக்கும் கட்டுரையையே எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பத்தியும் அந்த இடத்தில் ஏன் வைக்கப்பட்டிருக்கிறது, முந்தைய பத்திக்கு அது சான்றா, மறுப்பா, விளக்கமா என்று ஒரே வரியில் சொல்லச் சொல்லுங்கள். தகவலுக்காகப் படிப்பவன் ஆசிரியரின் நோக்கத்தைக் கவனிக்கத் தொடங்குவான். கூடவே கவிதையும் கதையும் வாரத்துக்குக் குறைந்தது இரண்டு படிக்க வேண்டும். அறிவியல் பிள்ளைகள் தவிர்ப்பது அவற்றைத்தான். நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

இனி கணிதம். பள்ளித் தேர்வில் ஒரு பாடம் முடிந்ததும் அதே பாடத்திலிருந்து கேள்விகள் வருவதால் எந்த முறையைப் பயன்படுத்துவது என்று யோசிக்க வேண்டியதில்லை. இங்கே விகிதம், நிகழ்தகவு, வடிவியல், சமன்பாடு எல்லாம் கலந்து வரும். முறையைத் தேர்ந்தெடுப்பதே பாதி வேலை. ஓர் எடுத்துக்காட்டு. ஒரு பெட்டியில் சிவப்புப் பந்துகளுக்கும் நீலப் பந்துகளுக்கும் உள்ள விகிதம் 3:5. நீலப் பந்துகள் சிவப்பைவிட 14 அதிகம். மொத்தம் எத்தனை பந்துகள்? வேறுபாடு இரண்டு பங்கு, அது 14. ஆகவே ஒரு பங்கு 7. மொத்தம் எட்டுப் பங்கு, 56. கணக்கு எளிதுதான். ஆனால் கொடுக்கப்படும் விடைகளில் 21-உம் 35-உம் இருக்கும். சிவப்பை மட்டும், அல்லது நீலத்தை மட்டும் கண்டுபிடித்துவிட்டு நின்றுவிடும் பிள்ளைக்காகவே அவை வைக்கப்பட்டிருக்கின்றன. கணக்குத் தெரியாமல் போகும் மதிப்பெண்ணைவிட, கேட்டது என்ன என்பதை மறந்து போகும் மதிப்பெண்தான் நல்ல மாணவர்களிடம் அதிகம். கேள்வியின் கடைசி வரியை முதலில் படித்து, கண்டுபிடிக்க வேண்டியதைத் தாளில் எழுதிவிட்டுத் தொடங்கும் பழக்கம் ஒன்றே பல மதிப்பெண்களை மீட்டுத் தரும். சில கணக்குகளுக்கு விடைகள் கொடுக்கப்படுவதில்லை. பிள்ளையே விடையை இட வேண்டும். அவற்றில் விடைகளைப் பார்த்து ஊகிக்க வழியில்லை என்பதால் பின்னங்களையும் தசமங்களையும் கையால் செய்யும் வேகம் தேவை. கணிப்பானை இன்றிலிருந்தே மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இவ்வளவுக்கும் அடியில் நான் மிகவும் வற்புறுத்தும் ஒன்று இருக்கிறது: தவறுகளுக்கென்று ஒரு நோட்டு. மாதிரித் தேர்வு எழுதி, மதிப்பெண் பார்த்து, அடுத்த மாதிரித் தேர்வுக்குப் போவதில் பயனில்லை. முன்பு என்னிடம் படித்த ஒரு மாணவி கோடை விடுமுறையில் பன்னிரண்டு முழு மாதிரித் தேர்வுகளை எழுதினாள். முதல் தேர்வுக்கும் கடைசித் தேர்வுக்கும் இடையே அவள் மதிப்பெண் ஏறக்குறைய நகரவே இல்லை. எண்ணிக்கையைக் கண்டு பாராட்டிய நானும் அதற்குப் பொறுப்பு. பிறகு தேர்வுகளை நிறுத்திவிட்டு, தவறிய ஒவ்வொரு கேள்வியையும் நோட்டில் எழுதி, முறை தெரியவில்லையா, கேள்வியைத் தவறாகப் படித்தேனா, கூட்டலில் பிழையா, நேரம் போதவில்லையா என்று அவளையே காரணம் எழுதச் சொன்னேன். மூன்று வாரத்தில் அவள் தவறுகளில் பாதிக்கும் மேல் ஒரே காரணத்தால் வருவது தெரிந்தது: சதவீதக் கணக்கில் எதன் மீது சதவீதம் என்பதைக் குழப்பிக்கொள்வாள். 20 சதவீதம் விலை ஏறி, பிறகு 20 சதவீதம் இறங்கினால் பழைய விலையே வரும் என்று நினைப்பாள். உண்மையில் 100 டாலர் 120 ஆகி, பின் 96 ஆகிறது. அந்த ஒரு முடிச்சை அவிழ்த்ததும் அவள் மதிப்பெண் ஏறியது. காரணத்தைப் பிள்ளையே தன் கையால் எழுத வேண்டும். நீங்கள் எழுதிக் கொடுத்தால் அது உங்கள் நோட்டாகிவிடும்.

நேரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. ஆகவே எந்தக் கேள்வியையும் விடையின்றி விடக்கூடாது. ஒவ்வொரு பகுதியிலும் பத்துக் கேள்விகள் எதிர்காலத் தேர்வுகளுக்கான சோதனைக் கேள்விகள், அவற்றுக்கு மதிப்பெண் இல்லை. ஆனால் அவை எவை என்று பிள்ளைக்குத் தெரியாது. புரியாத ஒரு கேள்வியோடு ஐந்து நிமிடம் மல்லுக்கட்டினால், மதிப்பெண்ணே இல்லாத ஒன்றுக்காக அந்த நேரம் போயிருக்கலாம். 2025-ஆம் ஆண்டு முதல் தேர்வு கணினித் திரைக்கு மாறிவிட்டது. அடுத்த கட்டமாக மாணவர் தரும் விடைக்கேற்ப அடுத்த கேள்வி மாறும் முறையையும் கல்வித் துறை அறிவித்திருக்கிறது. அண்ணன் அக்காமார் பயன்படுத்திய பழைய புத்தகங்களில் கணக்குப் பயிற்சி செய்யலாம், ஆனால் தேர்வின் நடைமுறையைக் கல்வித் துறை வெளியிடும் இந்த ஆண்டுக் கையேட்டில் மட்டுமே பார்க்க வேண்டும். திரையில் படித்துக்கொண்டு தாளில் கணக்குப் போடும் பழக்கம் தனியாக வேண்டும். எண்ணை மாற்றி எழுதிவிடும் பிழை அங்கேதான் நேர்கிறது.

பயிற்சி மையம் கட்டாயமா என்று கேட்டீர்கள். கட்டாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. நகரக் கல்வித் துறையே மாதிரித் தேர்வுகளோடு கையேட்டை இலவசமாக வெளியிடுகிறது. வருமானம் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளில் தகுதி பெறுபவர்களுக்கு ட்ரீம் என்ற இலவசப் பயிற்சித் திட்டமும் உண்டு. இடம் கிடைக்கத் தேவையான கடைசி மதிப்பெண்ணுக்கு (கட்-ஆஃப்) சற்றுக் கீழே நின்றுவிட்ட, வசதி குறைந்த பிள்ளைகளுக்கு டிஸ்கவரி என்ற கோடைகால வழியும் இருக்கிறது. உங்கள் குடும்பம் அதில் அடங்குமா என்று பள்ளி ஆலோசகரிடம் கேளுங்கள். வீட்டில் யாரும் அருகில் உட்கார முடியாத நிலை என்றால் மையம் ஓர் ஒழுங்கைக் கொடுக்கும், அவ்வளவுதான். வாரம் நான்கு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், தவறு நோட்டோடு உழைக்கும் பிள்ளைக்கு அந்த ஒழுங்கு வீட்டிலேயே கிடைத்துவிடும். பயிற்சிக்காக ஏழாம் வகுப்புப் பாடங்களை மட்டும் கைவிட்டுவிட வேண்டாம். டவுன்சென்ட் ஹாரிஸ் போன்ற, மதிப்பெண் பார்த்துச் சேர்க்கும் நல்ல பள்ளிகளும் குவீன்ஸில் இருக்கின்றன; அங்கே ஏழாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு மதிப்புண்டு.

கடைசியாக, பள்ளிகளின் வரிசை. விண்ணப்பத்தில் விருப்ப வரிசை எழுத வேண்டும். அதிக மதிப்பெண் பெற்றவரிலிருந்து தொடங்கி, ஒவ்வொருவருக்கும் அவர் வரிசையில் மேலே இருக்கும், இடம் மீதமுள்ள பள்ளி வழங்கப்படுகிறது. ஆகவே 'முதலில் எழுதினால்தான் மதிப்பார்கள்' என்ற கணக்கெல்லாம் இங்கே செல்லாது. உண்மையில் எது பிடிக்குமோ அதை முதலில் எழுதலாம். ஆனால் பிடிக்கும் என்பதில் பயணமும் சேர்ந்திருக்கிறது. நீங்கள் ஃபிளஷிங் பக்கம் என்றால், ஏழாம் எண் ரயிலில் மன்ஹாட்டன் வந்து, நான்காம் எண் ரயிலுக்கு மாறி, வடக்கே பிராங்ஸ் வரை போக வேண்டும். ஒரு வழிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஜமைக்காவில் யார்க் கல்லூரி வளாகத்தில் உள்ள குவீன்ஸ் அறிவியல் உயர்நிலைப் பள்ளி அளவில் சிறியது, வீட்டுக்கு அருகில், அதே தேர்வில் சேர்வது. வரிசையை எழுதுவதற்கு முன் ஒரு வேலை நாளின் காலை ஆறரை மணிக்கு மகனை அந்த ரயிலில் ஏற்றிப் பள்ளி வாசல்வரை அழைத்துப் போய் வாருங்கள்; பிறகு எந்தப் பள்ளியை முதலில் எழுதுவது என்பதை அவனையே சொல்லச் சொல்லுங்கள்.