எலும்பு மறைக்காத நோய்

அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, இம்மண்டபத்தை வாடகையின்றித் தந்துதவிய நெசவாளர் கூட்டுறவுச் சங்கத் தலைவர் அவர்களே, காலையிலிருந்து நாற்காலி அடுக்கிய தம்பிமார்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

பழைய எலும்புகளில் பசி, உழைப்பு, நோய் ஆகிய மூன்றின் தடயங்களைப் பற்றி நான் பேசுவேன் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். குழந்தைப் பருவத்தில் பட்டினியோ கடும் நோயோ கண்டவரின் பல் எனாமலில் விழும் குறுக்குக் கோடுகள், பல் தேயும்வரை அழிவதில்லை. எனினும் என் மனம் நோயின் பக்கமே செல்கிறது.

ராஜஸ்தானில் உதயப்பூருக்கு அருகே பாலாத்தல் என்னும், செம்பும் கல்லும் சேர்ந்து புழங்கிய செப்புக் கற்கால ஊரை அகழ்ந்தபோது, கல்சுவர் அடைப்புக்குள், எரிந்த சாணத்தின் சாம்பலுக்கிடையே, ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட ஓர் ஆணின் எலும்புக்கூடு கிடைத்தது. மூக்கைச் சுற்றிய எலும்பும் மேல்தாடையும் அரிக்கப்பட்டிருந்ததைக் கண்ட ஆய்வாளர்கள், அவருக்குத் தொழுநோய் இருந்தது என்று 2009இல் வெளியிட்டார்கள். அந்த மனிதருக்கு மருந்தில்லை. நோய் எலும்பைத் தொடும்வரை அவர் அதனுடனேயே வாழ்ந்திருக்கிறார்.

“உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது” என்பாள் என் பாட்டி. எங்கள் தெருவில் தறி நெய்த மாமா ஒருவர் சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையே அணிவார். முழங்கையருகே சிவந்த தேமல், கிள்ளினாலும் உணர்ச்சியில்லை. அதே தொழுநோய்தான். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம், ஊர்வாய்க்கு அஞ்சி மூன்று ஆண்டுகள் மறைத்தார். ஒரு நாள் அடுப்படியில் கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கி வைத்துவிட்டுப் பேசிக்கொண்டே நின்றார். விரல்களில் தோல் உரிந்து தொங்குவதை அத்தைதான் பார்த்து அலறினாள். அவருக்கோ வலியே தெரியவில்லை. மருந்து கிருமியைக் கொன்றது. ஆனால் மடங்கிப்போன விரல்கள் நிமிரவில்லை. அதன்பின் அவர் தறியில் உட்காரவேயில்லை.

தொழுநோய்க் கிருமியை நோர்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873இலேயே கண்டுவிட்டார். பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் கூட்டு மருந்தை உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது. இன்று 6 அல்லது 12 மாதங்கள் இலவசமாக உட்கொண்டால் நோய் குணமாகிறது. இருந்தும், தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாக ஏற்ற சட்டப் பிரிவுகள் 2019இல்தான் நீங்கின. சட்டம் நீங்கியும் ஊர்வாய் மூடவில்லை என்பதால்தான் நான் ஊர் ஊராகப் பேசி வருகிறேன்.

நாளைக் காலை இதே மண்டபத்தில் தேமல் பரிசோதனை நடைபெறுகிறது. வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே வருவதாக இசைந்திருக்கிறார்கள். கூச்சப்படும் தாய்மார்களுக்குப் பின்வாசல் வழியே தனி அறை ஒதுக்கியிருக்கிறோம்.