கணினி செஸ்ஸின் பலம் எங்கிருந்து வந்தது?

நண்பர்களே, வணக்கம்.

கணினி செஸ் என்று பேச்செடுத்தாலே, "கம்ப்யூட்டர் வேகமாகிவிட்டது, அதனால் ஜெயிக்கிறது" என்று சொல்லிவிட்டுப் பலரும் நகர்ந்துவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

1997 மே மாதம் நியூயார்க்கில் அன்றைய உலகச் சாம்பியன் காஸ்பரோவை மூன்றரைக்கு இரண்டரை என்று வென்ற ஐபிஎம்மின் டீப் புளூ கணினி, நொடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளை, அதாவது பலகையில் காய்கள் நிற்கக்கூடிய அமைப்புகளை, அலசியது. செஸ்ஸுக்காகவே வடிவமைத்த 480 சிப்கள் அதில் இருந்தன. 2006இல் ஜெர்மனியின் பான் நகரில் உலகச் சாம்பியன் கிராம்னிக்கை 4-2 என்று வென்றது டீப் ஃபிரிட்ஸ் என்ற செஸ் நிரல். அது பார்த்தது நொடிக்குச் சுமார் 80 லட்சம் நிலைகள்தான்; ஓடியதும் கடையில் வாங்கக்கூடிய பிராசஸர்களில். 2009இல் பியூனஸ் அயர்ஸ் போட்டி ஒன்றில், செல்போனில் ஓடிய பாக்கெட் ஃபிரிட்ஸ் பத்துக்கு ஒன்பதரை எடுத்தது. நொடிக்கு 20,000 நிலைகளைக்கூட அது பார்க்கவில்லை. டீப் புளூவோடு ஒப்பிட்டால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகம்! அங்கே எதிரில் உட்கார்ந்தவர்கள் காஸ்பரோவ் தரத்தில் இல்லை என்பது சரி. ஆனாலும் அந்தப் போட்டியில் அது ஆடிய தரம் 2898 எலோ (ஆட்டக்காரரின் பலத்தை அளக்கும் புள்ளி) என்று கணக்கிடப்பட்டது.

அப்படியானால் வேகத்தால் பயனே இல்லையா? நிச்சயம் உண்டு. கணினி விஞ்ஞானி கென் தாம்ப்சன் 1980களின் தொடக்கத்தில் பெல் (Belle) என்ற தன் செஸ் இயந்திரத்தை, ஒரு பக்கம் ஒரு நகர்வு கூடுதல் ஆழம் பார்க்கும்படி வைத்து, அதனோடேயே மோதவிட்டார். ஒரு நகர்வு ஆழம் கூடினால் சுமார் 200 எலோ ஏறியது. 200 எலோ வித்தியாசம் என்றால் பலமானவர் நூற்றுக்கு 76 புள்ளி எடுப்பார். ஆழம் கூடக்கூட இந்த ஆதாயம் சுருங்கும் என்பதும் உண்மை. இன்றைய உச்ச மட்டத்தில் பெரும்பாலான ஆட்டங்கள் டிராவில் முடிவதால், வேகத்தை இரட்டிப்பாக்கினாலும் புள்ளி கொஞ்சம்தான் ஏறுகிறது.

ஆனால் அந்த ஒரு நகர்வு ஆழத்துக்கு எவ்வளவு வேகம் செலவாகிறது? அதைத் தீர்மானிப்பது மென்பொருள். ஒரு நிலையில் சராசரியாக 35 நகர்வுகள் சாத்தியம். எல்லாவற்றையும் பார்த்தால், ஒரு நகர்வு ஆழம் கூட 35 மடங்கு வேகம் வேண்டும். ஆல்ஃபா-பீட்டா முறை இதைக் குறைக்கிறது. ஒரு நகர்வுக்கு எதிராளியின் பதிலடி ஒன்று என் ராணியைப் பறித்துவிடும் என்று தெரிந்துவிட்டால், அவருடைய மற்ற பதில்களை நான் ஏன் பார்க்க வேண்டும்? நல்ல நகர்வுகளை முதலில் பார்க்கும் ஒழுங்கும் சேர்ந்தால் 35 என்பது சுமார் 6 ஆகிறது. அப்புறம், வரிசையில் பின்னால் வரும் நகர்வுகளை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போவது போன்ற உத்திகள் வந்தன. இன்றைய என்ஜின்களில், அதாவது செஸ் நிரல்களில், அது ஏறக்குறைய 2. அதாவது, பழைய நிரலுக்கு 35 மடங்கு வேகம் வாங்கித் தந்ததை, இன்றைய நிரல் இரண்டு மடங்கிலேயே எடுத்துக்கொள்கிறது. இப்படி வெட்டிப் பார்க்கும் ஆழம் முழுதாகப் பார்க்கும் ஆழத்துக்குச் சமமில்லை என்றாலும், லாபம் மிகப் பெரியது. புதிய சிப் எவ்வளவு பயன்தரும் என்பதே நிரலைப் பொறுத்த விஷயம்.

2017இல் வந்த, தானே ஆடிக் கற்றுக்கொண்ட டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஜீரோ நிரலைப் பலர் வேகத்துக்கு எதிரான சாட்சியாகக் காட்டுகிறார்கள். நொடிக்கு 80,000 நிலைகளை மட்டும் பார்த்து, 7 கோடி பார்த்த ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் என்ஜினிடம் 100 ஆட்டத்தில் ஒன்றுகூடத் தோற்கவில்லை. 28 வெற்றி, மீதி டிரா. எனக்கு அந்த வாதத்தில் உடன்பாடு இல்லை. தன்னோடு தானே ஆடிப் பழக, 5,000 சிறப்புச் சிப்களை அது பயன்படுத்தியது. அதன் வேகத்தில் பெரும்பகுதி ஆட்டத்துக்கு முன்பே செலவாகிவிட்டது.

இதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. வன்பொருளின் பெரிய பங்கு இப்போது பலகையில் இல்லை, பட்டறையில் இருக்கிறது. 2020இல் ஸ்டாக்ஃபிஷ் 12 நிலைகளை மதிப்பிட ஒரு சிறிய நரம்பு வலையை (neural network) சேர்த்துக்கொண்டது. நொடிக்குப் பார்க்கும் நிலைகள் கணிசமாகக் குறைந்தன. பலமோ 80 முதல் 100 எலோ வரை கூடியது. அந்த வலையும் சும்மா ஓடவில்லை. ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடும் வசதி பிராசஸர்களில் இருந்ததால்தான் அது சாத்தியமானது. ஒரு காய் நகர்ந்தால் மாறுவது ஒன்றிரண்டு கட்டங்கள்தானே, வலையின் கணக்கில் அதை மட்டும் திருத்தினால் போதும் என்ற யோசனை மனிதருடையது. இதில் வன்பொருள் எங்கே முடிகிறது, மென்பொருள் எங்கே தொடங்குகிறது?

ஸ்டாக்ஃபிஷ்ஷில் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் 2013 முதல் ஃபிஷ்டெஸ்ட் என்ற சோதனைக்களத்தைத் தாண்ட வேண்டும். 2 எலோ தரும் திருத்தம் என்றால் நூற்றுக்கு 50.3 புள்ளி. இவ்வளவு சிறிய வித்தியாசத்தை உறுதியாகச் சொல்ல, பல்லாயிரம் ஆட்டங்கள் ஓட வேண்டும். அந்த ஆட்டங்களை ஓட்டுவது தன்னார்வலர்கள் தரும் கணினிகள். இங்கே வந்திருக்கும் மாணவர்களும் அதில் சேரலாம். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இரவில் சும்மா இருக்கும் கணினி ஒன்று போதும்.