தாத்தாவின் கில்ட், பேரனின் இடுப்பு

வணக்கம் நண்பர்களே. ஸ்காட்லாந்தின் பெர்த் நகரிலிருந்து பேசுகிறேன். இந்நாட்டு ஆண்கள் இடுப்பில் பாவாடை போல உடுத்தும் கில்ட்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்று உங்களில் பலர் எழுதியிருந்தீர்கள். அதைச் சுற்றுலாக் காட்சியாகக் காட்டிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. இங்குள்ள ஒரு குடும்பத்தில் மருமகளாக வாழ்ந்து நான் கண்டுகொண்ட ஒன்றைத்தான் சொல்லப்போகிறேன்: உடையும், பழக்கமும், 'நாம் ஸ்காட்லாந்துக்காரர்கள்' என்ற உணர்வும் இங்கே பெரும்பாலும் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வருவதில்லை, ஒரு தலைமுறையைத் தாண்டி, தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வருகின்றன.

மேசையில் விரித்திருப்பது என் மாமனாருடைய கில்ட். கேமராவைச் சற்று இறக்குகிறேன், பாருங்கள். எட்டு கெஜம், அதாவது ஏழு மீட்டருக்கும் மேற்பட்ட கம்பளித் துணி இதில் இருக்கிறது. முன்பக்கம் இரண்டு தட்டையான பாகங்கள் ஒன்றின்மேல் ஒன்று மூடுகின்றன. மீதித் துணி முழுவதும் பின்பக்கம் மடிப்பு மடிப்பாகக் கையால் தைக்கப்பட்டிருக்கிறது. சேலைக் கொசுவத்தை நாம் உடுத்தும்போதெல்லாம் புதிதாகப் பிடிக்கிறோம். இந்தக் கொசுவத்தை ஒருமுறை பிடித்துத் தைத்துவிட்டால் ஆயுளுக்கும் நிற்கிறது. கீழ் விளிம்பில் மடித்தடித்த தையலே கிடையாது. தறியில் விழுந்த கரைதான் விளிம்பு. இடுப்பில் தோல்வார்களும் பக்கிள்களும் இருக்கின்றன. அவற்றைப் பிரித்து ஓரிரு அங்குலம் நகர்த்தித் தைத்தால் மெலிந்தவருக்கும் பருத்தவருக்கும் பொருந்திவிடும் என்பதால், நன்றாகத் தைத்த ஒரு கில்ட் அதைத் தைக்கச் சொன்னவருக்குப் பின்னும் பல ஆண்டுகள் உழைக்கும். இதோ, வாரைப் பிரித்த இடத்தில் பழைய ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிகின்றன. வெயில் படாமல் தோலுக்கு அடியில் கிடந்ததால் அங்கே மட்டும் பச்சை நிறம் மங்கவே இல்லை.

கரும்பச்சை, கருநீலம், கறுப்பு ஆகிய மூன்று நிறங்கள் கொண்ட இந்தக் கட்டத்துக்கு பிளாக் வாட்ச் டார்ட்டன் என்று பெயர். டார்ட்டன் என்றால் குலத்துக்கோ படைப்பிரிவுக்கோ அடையாளமான கட்டம். பிளாக் வாட்ச் ஒரு குலத்தின் பெயரன்று, படைப்பிரிவின் பெயர். அப்படைப்பிரிவின் அருங்காட்சியகம் எங்கள் ஊரின் பால்ஹவுசி கோட்டையில்தான் இருக்கிறது. மாமனாருடைய தாத்தா முதல் உலகப் போரில் அந்தப் படைப்பிரிவில் இருந்தவர். பதுங்குகுழிச் சேற்றிலும் கில்ட்டோடு நின்றவர்களில் ஒருவர். மாமனாருடைய அப்பாவோ ரயில்வேயில் வேலை பார்த்தவர், ஒருநாளும் கில்ட் உடுத்தாதவர். மாமனார் தம் திருமணத்துக்குக் கில்ட் தைக்கக் கொடுத்தபோது, எந்த டார்ட்டன் என்று கேட்ட தையற்காரரிடம் யோசிக்காமல் தாத்தாவின் படைப்பிரிவைச் சொன்னாராம். என் கணவர் எங்கள் திருமணத்துக்கு வாடகைக் கில்ட்டில் வந்தார். இப்போது இதை என் மகன் கேட்டு வாங்கியிருக்கிறான்.

உடுத்தும் முறையையும் தாத்தாவேதான் சொல்லிக்கொடுக்கிறார். விளிம்பு முழங்காலின் நடுவில் நிற்க வேண்டும். இடுப்புப்பட்டை தொப்புளுக்கு மேலே இருக்க வேண்டும். கில்ட் ஊசியை மேல் பாகத்தில் மட்டும் குத்த வேண்டும், இரண்டையும் சேர்த்துக் குத்தினால் துணி இழுபட்டுக் கிழியும். உட்காரும்போது பின்மடிப்புகளைக் கையால் நீவிவிட்டு அமர வேண்டும். இவற்றை அவர் சொல்லும்போது மகனின் முதுகு தானாக நிமிர்வதை நான் பார்க்கிறேன். தோள்களைக் கூனிக்கொண்டு கைப்பேசியைப் பார்த்தபடி நடக்கும் பையனிடம் நான் சொல்லிச் சொல்லி நடக்காதது அது.

பேரனுக்கும் தாத்தாவுக்குமான இந்தத் தாண்டல் ஸ்காட்லாந்து வரலாற்றிலேயே ஒருமுறை பெரிய அளவில் நடந்திருக்கிறது. 1746 ஏப்ரல் 16 அன்று கல்லோடன் களத்தில், ஸ்டுவர்ட் அரச வம்சத்தை மீண்டும் அரியணையேற்றப் போராடிய ஜாக்கபைட் படை தோற்றபின், ஹைலேண்ட் மலைநாட்டு உடையை ஆண்களும் சிறுவர்களும் உடுத்தக் கூடாது என்று நாடாளுமன்றம் அதே ஆண்டு சட்டம் இயற்றியது. முதல் குற்றத்துக்கு ஆறு மாதச் சிறை. மறுமுறை பிடிபட்டால் ஏழாண்டு நாடுகடத்தல். அரசனின் படையில் சேர்ந்த ஹைலேண்ட் வீரர்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. அந்தத் தடை நீங்கியது 1782இல். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கல்லோடன் காலத்தில் இருபது வயதாக இருந்தவருக்குத் தடை நீங்கும்போது ஐம்பத்தாறு. இடையில் வளர்ந்த தலைமுறை அப்பாவை அந்த உடையில் பார்த்ததே கிடையாது. படைவீரர்களை விட்டால், ஊரில் இதை எப்படி உடுத்தினோம் என்று சொல்லக்கூடியவர்கள் தாத்தாக்கள் மட்டுமே.

அதன்பின் நடந்ததைச் சொல்லி, 'இதெல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய கதை' என்று வாதிடுபவர்கள் உண்டு. அவர்கள் காட்டும் ஆவணங்கள் உண்மையானவை. 1815இல் லண்டன் ஹைலேண்ட் சங்கம் குலத் தலைவர்களிடம் அவரவர் டார்ட்டன் மாதிரியைக் கேட்டபோது, தங்கள் குலத்தின் கட்டம் எது என்று சில தலைவர்களுக்கே தெரியவில்லை. பானக்பர்ன் ஊரின் வில்சன் நெசவாலையில் எண்ணிட்டு விற்ற துணிகளில் சில பின்னால் குலப்பெயர் பெற்றன. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது எழுத்தாளர் வால்டர் ஸ்காட் நடத்திய விழாவில் ஊரே டார்ட்டன் மயமானது. 1842இல் பழஞ்சுவடி என்று சொல்லி வெளியான ஒரு டார்ட்டன் நூல் போலியானது.

ஆனால், இதனால் கில்ட் பொய்யாகிவிட்டது என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஒரு கட்டம் 1822இல் வந்திருக்கலாம். அதை ஒருவருடைய தாத்தாவும் அவருக்குத் தாத்தாவும் திருமணத்துக்கும் துக்கத்துக்கும் உடுத்தி இரண்டு நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. என் மாமனார் பிளாக் வாட்ச் துணியைத் தேர்ந்தெடுத்தது எந்தப் பட்டியலையும் பார்த்தன்று. தம் தாத்தாவின் புகைப்படத்தைப் பார்த்துத்தான்.

ஸ்காட்லாந்து முழுவதும் தாத்தாக்கள் கில்ட் அணிந்தவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கிளாஸ்கோவின் கிளைடு ஆற்றங்கரைக் கப்பல் பட்டறைகளில் உழைத்த தாத்தாக்களின் உடை கோட்டும், 'பனெட்' என்று அவர்கள் சொல்லும் தட்டைத் தொப்பியும்தான். அவர்களுடைய பேரன்கள் இன்று திருமணத்துக்கும் கால்பந்துப் போட்டிக்கும் கில்ட் அணிகிறார்கள். குளிர்காலத் தெருவில் தாத்தாவின் பனெட்டைப் போட்டுக்கொள்ளும் இளைஞர்களையும் பார்க்கிறேன். எனக்கு அந்தத் தொப்பியும் கில்ட்டுக்குச் சற்றும் குறையாத மரபுதான்.

பழக்கங்களுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் ஓட்ஸ் கஞ்சி மாமனார் கையால்தான். தண்ணீர், ஓட்ஸ், உப்பு. சர்க்கரை என்ற பேச்சுக்கே இடமில்லை. 'ஸ்பர்ட்டில்' என்னும் உருண்டையான மரக்கோலால், வலக்கையால், கடிகார முள் சுற்றும் திசையில் மட்டும் கிளறுவார். எதிர்த்திசையில் கிளறினால் சாத்தான் வருவான் என்பது பழைய நம்பிக்கை. அவர் அதை நம்புகிறவர் அல்லர், ஆனாலும் அவர் கை மாறாது. இப்போது என் மகன் தோசை மாவைக் கரைக்கும்போதும் அதே திசையில்தான் கரண்டியைச் சுற்றுகிறான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பெயரிலும் இதே வழக்கம் இருக்கிறது. மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தாவின் பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவழித் தாத்தாவின் பெயர், மூன்றாமவனுக்குத்தான் அப்பாவின் பெயர் என்பது ஸ்காட்லாந்தில் பல தலைமுறைகள் நிலைத்த முறை. நம் வீடுகளிலும் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதால், என் மகனுக்கு மாமனாரின் பெயரை வைக்க யாரும் யாரையும் சம்மதிக்கச் செய்ய வேண்டியிருக்கவில்லை.

தாத்தாவிடமிருந்து வராமல் போனதும் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் நான் சொன்னது முழுமையாகாது. 1872ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் ஹைலேண்ட் மக்களின் பழைய மொழியான கேலிக்குக்குப் பள்ளியில் இடமே தரவில்லை. வகுப்பில் கேலிக் பேசிய பிள்ளைகள் அடிவாங்கினார்கள். அவர்கள் வளர்ந்தபோது தங்கள் பிள்ளைகளுக்கு அந்த மொழி வேண்டாம் என்று பலர் முடிவுசெய்தார்கள். வீட்டில் தாத்தாவும் பாட்டியும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழியாகவே அது சுருங்கியது. 1985இல் கிளாஸ்கோவிலும் இன்வர்னஸிலும் கேலிக் வழித் தொடக்கக் கல்வி தொடங்கியது. 2022 கணக்கெடுப்பில் கேலிக் ஓரளவேனும் அறிந்தவர்கள் 1,30,000 பேர். இன்று அந்த வகுப்புகளுக்குப் போகும் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் பேச ஆள் இல்லை. பேசியிருக்கக்கூடிய தாத்தா போய்விட்டார். மாமனாரின் தாத்தாவுக்கும் கேலிக் தெரியுமாம். மாமனாருக்கு எஞ்சியிருப்பது ஒரு வாழ்த்தும் ஒரு வசவும்தான். அதை அவர் வருத்தத்தோடுதான் சொல்வார்.

ஆடல் மட்டும் அப்படிப் போகவில்லை. 1940 ஜூன் 12 அன்று பிரான்சின் செயின்ட் வாலெரியில் 51ஆவது ஹைலேண்ட் டிவிஷன் சரணடைந்து பத்தாயிரம் பேருக்கு மேல் சிறைப்பட்டார்கள். ஜெர்மன் முகாமில் அடைபட்ட அதிகாரிகள் சிலர் அங்கேயே ஒரு புதிய ரீல் நடனத்தை அமைத்தார்கள். ஆடுபவர்கள் கைகோத்துக் குறுக்கே நீளும்போது கொடியில் உள்ள புனித ஆண்ட்ரூவின் சிலுவை வடிவம் தரையில் விழும். முதலில் ஆண்கள் மட்டுமே ஆடிய அந்த ரீலை இன்று பேரப்பிள்ளைகள் ஆணும் பெண்ணுமாக ஆடுகிறார்கள். யாருடைய தாத்தா எந்த முகாமில் இருந்தார் என்று பேச்சு வருவதும் அப்போதுதான்.

'அம்மா தமிழ், நான் இதை உடுத்தலாமா?' என்று மகன் ஒருநாள் கேட்டான். உடுத்துபவர் யாராக இருக்க வேண்டும் என்று இங்கே எந்தச் சட்டமும் கிடையாது. 2009இல் திறந்த டார்ட்டன் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் புதிய கட்டம் வரைந்து பதியலாம். இங்கு வாழும் சீக்கியர்களுக்காக சிங் என்ற பெயரிலும் ஒரு டார்ட்டன் இருக்கிறது. மாமனார் இந்த விவரம் எதையும் சொல்லவில்லை. 'இடுப்பைக் காட்டு, வாரை எங்கே வைப்பதென்று பார்ப்போம்' என்றார்.

வரும் சனிக்கிழமை என் நாத்தனார் மகளின் திருமணம். திருநெல்வேலியிலிருந்து என் அப்பா வருகிறார், பட்டுவேட்டியோடு. ரீலில் அவரும் ஆட வேண்டும் என்று மகன் பிடிவாதமாக இருக்கிறான். வீடியோ அழைப்பில் கைப்பேசியைச் சன்னலில் சாய்த்துவைத்து, எந்தக் காலை முதலில் எடுத்து வைக்க வேண்டும் என்று தாத்தாவுக்குப் பாடம் நடக்கிறது. அப்பாவுக்கு இடதும் வலதும் இன்னும் பிடிபடவில்லை. திருமணத்துக்குப் பிறகு அந்தக் காணொளியைப் பதிவேற்றுகிறேன்.