தாத்தாவின் டயானாவுக்கு எண்ணெய் போட்டாச்சு!

வணக்கம் நண்பர்களே. போன மாதம் தாத்தாவின் ஏர் கன்னைக் காட்டினேன் இல்லையா, அதன் கட்டைக்கு, அதாவது தோளில் வைத்துப் பிடிக்கும் மரப்பகுதிக்கு, பாலிஷ் போடக் கொடுத்திருக்கிறேன் என்று? அது வந்து மூன்று வாரம் ஆகிறது. வந்த அன்று இருந்த கோபத்தில் கேமராவை எடுக்கவே மனம் வரவில்லை. இந்த போட்டோவைப் பாருங்கள். புது டீபாய்க்கு அடிப்பதுபோல பி.யூ. கோட்டிங், அதாவது பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் பூச்சு, அடித்துவிட்டார்கள். கண்ணாடி மாதிரி மின்னுகிறது. விசையைச் சுற்றியிருக்கும் வளையமான டிரிக்கர் கார்டுமேலும் அடித்திருக்கிறார்கள், ஸ்குரூ தலையின் காடிக்குள்ளும் அடித்திருக்கிறார்கள். வலது பக்கம் இருந்த குழி அப்படியே இருக்கிறது, அதன்மேலும் பளபளப்பு! கடைப் பெயரைக் கமெண்டில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

எனக்கு மரத்தில் பிளாஸ்டிக் தோல் போட்டதுபோல இருந்தால் சுத்தமாகப் பிடிக்காது. தாத்தாவின் நாற்காலிக்கும் இதையேதான் சொன்னேன், அந்த வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும். துப்பாக்கிக் கட்டை கன்னத்திலும் உள்ளங்கையிலும் படுகிற பொருள். மரம் மரமாகத் தெரிய வேண்டும். அதனால் கோட்டிங் முழுவதையும் எடுத்துவிட்டு நானே எண்ணெய் போட்டேன்.

புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இது டயானா 27. ஜெர்மனியில் ராஷ்டாட் என்ற ஊரில் செய்தது. குண்டின் அளவு 0.177 அங்குலம், அதாவது 4.5 மில்லிமீட்டர். இரும்பில் குத்தியிருக்கும் இந்த முத்திரையைப் பாருங்கள், வேட்டைத் தெய்வம் டயானா வில்லைக் கீழே போட்டுவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். எனக்கு இதைவிடப் பிடித்த கம்பெனி முத்திரை கிடையாது. கட்டை தேக்கு இல்லை, பீச் மரம். உள்ளே வெளிர் நிறம், பொடிப் பொடியாகக் கோடு போட்ட புள்ளிகள். வால்நட் மாதிரி தெரிவதற்காகப் பழுப்புச் சாயம் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். பெயிண்ட் ரிமூவர் தடவி, இருபது நிமிடம் விட்டு, மூங்கில் சிம்பால் வழித்தேன். இரும்புத் தகடு வேண்டாம், மரத்தில் கீறல் விழும். பி.யூ. என்பதால் இரண்டு தடவை போட வேண்டியிருந்தது. கையுறை கட்டாயம். ஒரு சொட்டு மணிக்கட்டில் பட்டு எனக்கு இன்னும் சிவந்திருக்கிறது.

இருங்கள், இதற்கு முன்னால் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டேன். கட்டையைக் கழற்றுவதற்கு முன் குழாயை மடித்து உள்ளே பெல்லட் (ஏர் கன்னின் சின்னக் குண்டு) இல்லை என்று கண்ணால் பாருங்கள். ஸ்பிரிங் இழுத்து வைத்த நிலையில் கழற்றவே கூடாது. அப்புறம் முன்கட்டையின் இரண்டு பக்க ஸ்குரூவையும், டிரிக்கர் கார்டு ஸ்குரூவையும் எடுத்தால் கட்டை தனியாக வந்துவிடும். காடிக்குச் சரியாகப் பொருந்துகிற ஸ்குரூ டிரைவர் வேண்டும், இல்லையென்றால் தலை நசுங்கிவிடும். எந்த ஸ்குரூ எந்த ஓட்டையில் இருந்தது என்று ஒரு அட்டையில் குத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தக் குழி. ஒரு ரூபாய்க் காசு அகலம். பட்டி வைத்து அடைக்கச் சொல்லி நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். தேவையே இல்லை! மரம் உடைந்து போகவில்லை, நார் நசுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஈரத்துணியை நாலாக மடித்துக் குழியின்மேல் வைத்து, இஸ்திரிப் பெட்டியின் முனையை நன்றாகச் சூடாக்கி அதன்மேல் பத்து எண்ணும்வரை அழுத்தினேன். புஸ்ஸென்று ஆவி. துணியை எடுத்தால் குழி பாதியாகிவிட்டது. மறுபடி ஈரம், மறுபடி சூடு. நான்காவது தடவைக்குப் பிறகு விரலால் தடவிப் பார்த்தேன், இடமே தெரியவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், பக்கத்து வீட்டு அண்ணாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இந்தக் கிளிப்பை மெதுவாக ஓட்டுகிறேன், பாருங்கள், மரம் எழுந்து வருகிறது. கோட்டிங் இருக்கும்போது இதைச் செய்தால் ஆவி உள்ளே இறங்காது. மரம் பெயர்ந்து போன இடத்துக்கும் இது உதவாது.

உப்புத்தாள் 180 நம்பர், பிறகு 240, பிறகு 320. மிஷின் வேண்டாம், கையால், மரத்தின் ரேகை ஓடும் திசையில் மட்டும். இரும்பும் மரமும் சேருகிற ஓரத்தில் கையே வைக்காதீர்கள். அங்கே தேய்த்தால் மரம் இரும்பைவிடத் தாழ்ந்து போய்விடும், திரும்ப ஏற்ற முடியாது. கடைசியில் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் மெல்லிய நாரெல்லாம் சிலிர்த்து நிற்கும். காய்ந்ததும் 320-ஆல் லேசாக எடுத்துவிடுங்கள். பீச் மரம் சாயத்தைத் திட்டுத் திட்டாகக் குடிக்கும், அதனால் வால்நட் ஸ்டெயினைப் பாதிக்குப் பாதி ஸ்பிரிட் கலந்து, மெல்லிசாக இரண்டு தடவை ஏற்றினேன்.

எண்ணெய் வாங்கிய கதையைச் சொல்லியே ஆக வேண்டும். துப்பாக்கிக் கட்டைக்கென்றே வரும் இறக்குமதி எண்ணெய், இத்தனூண்டு பாட்டில், ஆன்லைனில் 1,450 ரூபாய். பெயிண்ட் கடைகளில் லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) கேட்டால் முதல் மூன்று கடையில் ஐந்து லிட்டர் டின்தான் என்றார்கள். கட்டைக்கு வேண்டியது ஐம்பது மில்லிகூட இல்லை! நான்காவது கடையில் ஒரு பெரியவர், “தம்பி, பாட்டில் கொண்டு வந்தீங்களா?” என்று கேட்டு, தண்ணீர் பாட்டிலில் 200 மில்லி ஊற்றிக் கொடுத்தார். 90 ரூபாய். அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம். ‘பாயில்டு’ என்று கேட்டு வாங்குங்கள். உலர வைக்கும் சேர்மானம் அதில் இருக்கும். அது சேர்க்காத பச்சை எண்ணெய் காயப் பல நாள் இழுக்கும்.

நாலைந்து சொட்டு உள்ளங்கையில் விட்டு, கை சூடாகும்வரை கட்டையில் தேய்க்க வேண்டும். கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்டால் பிசுபிசுவென்று நின்றுவிடும். ஒரு நாளைக்கு ஒரு கை, அதாவது ஒரு பூச்சு. இன்றைக்கு ஆறாவது கை.

இதைத் தயவுசெய்து கவனியுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். இந்த எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை, காற்றில் உள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்துதான் இறுகுகிறது. அப்போது சூடு கிளம்பும். சுருட்டிய துணியில் அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். தீக்குச்சியே தேவையில்லை. நான் துணியைத் தண்ணீரில் முக்கி, வெளியே மதில்மேல் ஒற்றையாக விரித்துக் காயப்போடுகிறேன்.

இன்னொன்று, அடிப்பக்கத்தைக் காட்ட மறந்துவிட்டேன். இங்கே, பின்முனைக்குக் கிட்டே, ‘ரா’ என்று ஒரு எழுத்து. தாத்தா பேனாக்கத்தியால் கீறியது. அந்தக் கோட்டிங்கில் பாதி மூடிப் போயிருந்தது. ரிமூவர் போட்ட பிறகு பல் குத்தும் குச்சியால் ஒவ்வொரு கோடாகச் சுத்தம் செய்தேன், உப்புத்தாள் பக்கத்தில்கூடப் போகவில்லை. எண்ணெய் இறங்கியதும் எழுத்து கறுப்பாக எழுந்து நிற்கிறது, பாருங்கள்.

நேற்று அப்பா வந்து கட்டையைக் கையில் வாங்கினார். கட்டைவிரலால் வலது பக்கத்தைத் தேடித் தேடித் தடவினார். “இங்கே ஒரு குழி இருக்குமே, கிணற்று மேட்டில் நான் கீழே போட்டது?” என்றார். இல்லையப்பா, எடுத்துவிட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு திருப்பி அந்த ‘ரா’வைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை இரும்பைப் பூட்டும்போது அவரும் பக்கத்தில் உட்காருகிறாராம். அதைத் தனி வீடியோவாகப் போடுகிறேன்.