ரேஷன் கடைக்கு மிஷின் வந்தாச்சு, கட்சிக்காரர் எங்கே போனார்?

[திரையில்: காரைக்குடி கடைத்தெரு, வரிசையாகக் கட்சிக் கொடிக்கம்பங்கள்]

வணக்கம். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். கணினியும் கைரேகை மிஷினும் வந்துவிட்டால் நலத்திட்டங்களில் அரசியலுக்கு இடமிருக்காது, சிபாரிசுக் கடிதம் தேவைப்படாது, தகுதி உள்ளவருக்குத் தானாகவே போய்ச் சேர்ந்துவிடும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அரசியல் அறிவியல் ஆய்வாளர்கள் இதை அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வதில்லை. சரி, கணினி வந்தது, இவருக்குக் கொடு, அவருக்குக் கொடுக்காதே என்று முடிவெடுக்கும் இடம் எங்கே நகர்ந்தது என்று கேட்கிறார்கள். அதே கேள்வியை வைத்துக்கொண்டு செட்டிநாட்டைச் சுற்றி வருவோம்.

[திரையில்: கசங்கிய பழைய குடும்ப அட்டை]

கொஞ்சம் பின்னால் போகணும். 1997ல் மத்திய அரசு ரேஷனை வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று இரண்டாகப் பிரித்தது. தமிழ்நாடு அந்தக் கோட்டைப் போட மறுத்துவிட்டது. அட்டை இருந்தால் அரிசி உண்டு, அவ்வளவுதான். 1967ல் ரூபாய்க்குப் படி அரிசி என்று மேடைக்கு மேடை பேசி ஆட்சி மாறிய மாநிலம் இது, அரிசியில் கைவைத்தால் என்ன ஆகும் என்று இரண்டு கழகங்களுக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒருமுறை கைவைத்துப் பார்த்தார்கள். 2001ல் வந்த ஜெயலலிதா ஆட்சி, கஜானா காலி என்று சொல்லிச் செலவைக் குறைக்க இறங்கியபோது, மாதம் 5,000 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ள குடும்பங்களின் அட்டையில் ‘எச்’ என்று முத்திரை குத்தியது. அந்த முத்திரை விழுந்தால் ரேஷன் அரிசி கிடையாது. 2004 மக்களவைத் தேர்தலில் அதிமுக கூட்டணி 39 தொகுதியிலும் தோற்றது. மே மாதம் முடிவு வந்த சில நாட்களிலேயே எச் முத்திரை ரத்து, விவசாயிகளுக்கு இலவச மின்சாரமும் திரும்பி வந்தது.

இதைச் சொன்னால் ‘பார்த்தீங்களா, ஓட்டு அரசியல்’ என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் உண்டு என்றால் பட்டியல் தேவையில்லை. பட்டியல் இல்லையென்றால் ‘அண்ணே, நம்ம பேரைச் சேர்த்துவிடுங்க’ என்று யார் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. அந்த விஷயத்தில், பின்னால் வந்த எந்த மென்பொருளும் செய்யாத வேலையை இந்த ஒரு முடிவு செய்தது.

[திரையில்: கண்டனூர் தெரு, பெரிய வீடுகளின் முகப்பு]

அடுத்த காட்சி கண்டனூர். புதுவயலை ஒட்டிய ஊர், ப.சிதம்பரத்தின் சொந்த ஊர். அவர் நிதியமைச்சராக இருந்தபோதுதான், 2013 ஜனவரி 1 அன்று, மானியத்தையும் உதவித்தொகையையும் நேரடியாக வங்கிக் கணக்கில் போடும் திட்டம் தொடங்கியது. ‘உங்கள் பணம் உங்கள் கையில்’ என்று இந்தியில் முழக்கம் வைத்தார்கள். அரசு அறிவிப்பு மாதிரியே இல்லை, அசல் தேர்தல் முழக்கம். பலன் என்னவோ 2014ல் காங்கிரசுக்கு 44 இடம். அடுத்து வந்த பாஜக அரசு அதே குழாயை ஜன்தன் கணக்கு, ஆதார், செல்போன் என்று இணைத்துப் பெரிதாக்கித் தன் பெயரை எழுதிக்கொண்டது. வட்டிக் கணக்கைப் பைசா சுத்தமாகப் பேரேட்டில் எழுதிப் பழகிய ஊர்க்காரர் ஒருவர் போட்ட வரவு, வேறொருவர் பேரேட்டில் ஏறியது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, பார்க்க வேடிக்கையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

[திரையில்: இந்திய வரைபடம், சில மாநிலங்கள் மட்டும் நிறம் மாறுகின்றன]

இப்போது ஆய்வுகளுக்கு வருவோம். ஜெனிஃபர் பஸ்ஸல் என்ற அரசியல் அறிவியலாளர், சான்றிதழ் வாங்கும் கணினி சேவை மையங்களைச் சில மாநிலங்கள் சீக்கிரமும் சில மாநிலங்கள் தாமதமாகவும் திறந்தது ஏன் என்று தேடிப் போனார். அவருடைய ஆய்வு 2012ல் வெளிவந்தது. பணம் இருக்கிற மாநிலம், படித்த மாநிலம் என்ற வழக்கமான பதில்கள் அவருக்குப் போதவில்லை. ஜன்னலில் வாங்கும் சில்லறை லஞ்சம் எங்கெல்லாம் மேலிருக்கும் அரசியல்வாதி வரை போகிறதோ, அங்கெல்லாம் கணினி மையம் தாமதமாக வருகிறது, வந்தாலும் முக்கியமான சேவைகள் அதில் இருக்காது. எங்கே கணினி வரவேண்டும், எவ்வளவு வரவேண்டும் என்பதே அரசியல் முடிவு என்பதுதான் அவர் சொன்னது.

பொருளாதாரப் பக்கம் இருந்து இன்னொரு ஜோடி ஆய்வு. கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தாங்கர் மூவரும், பிரிக்கப்படாத ஆந்திராவில் நூறு நாள் வேலைக் கூலியைக் கைரேகை அட்டை வழியாகக் கொடுத்த திட்டத்தை 157 மண்டலங்களில், அதாவது மாவட்டத்தின் உட்பிரிவுகளில், சோதித்தார்கள். கூலி சீக்கிரம் வந்தது, நடுவில் கசிவது குறைந்தது, யாரும் பெரிதாக விடுபட்டுப் போகவில்லை. காரணம், அட்டை இல்லாதவருக்கும் பழைய முறையில் கூலி கொடுக்கும் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். அப்படியும் அந்தத் திட்டத்தை நிறுத்திவிடலாமா என்ற பேச்சு வந்ததாம், ஏனென்றால் வருமானம் போன இடைத்தரகர்களின் முனகல் மேலே போய்ச் சேர்ந்த வேகத்தில் கூலி வாங்கியவர்களின் திருப்தி போய்ச் சேரவில்லை.

பிறகு இதே ஆட்கள் ஜார்கண்டில் ரேஷனுக்கு ஆதார் கைரேகை கட்டாயமானதை ஆராய்ந்தார்கள். அங்கே கட்டாயம் வந்ததால் மட்டும் கசிவு குறையவில்லை, ஆதார் இணைக்காத குடும்பங்களுக்குக் கிடைப்பதுதான் சராசரியாக 10 சதவீதம் போலக் குறைந்தது. ஒரே விதமான மிஷின். ஓரிடத்தில் ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்க்கப் பயன்பட்டது, இன்னோரிடத்தில் ஆளைக் கழிக்க.

[திரையில்: ஆத்தங்குடி, கண்ணாடிமேல் டைல்ஸ் வார்க்கும் கை, மிக அருகில்]

இந்தக் கையைப் பாருங்கள். ஆத்தங்குடி டைல்ஸ் இன்னும் கையால்தான் செய்கிறார்கள். கண்ணாடித் துண்டின் மேல் சட்டத்தை வைத்து, கண்ணி கண்ணியாக வண்ணக் கலவையை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி, பிறகு தண்ணீரில் ஊறப்போட வேண்டும். நாள் முழுக்கச் சிமெண்டிலும் தண்ணீரிலும் கிடக்கும் விரலில் ரேகை எங்கே தங்கும்? தமிழ்நாட்டில் 2017ல் ஸ்மார்ட் கார்டு வந்தது, 2020 அக்டோபரில் ஒரே நாடு ஒரே ரேஷனோடு கைரேகையும் வந்தது. அப்புறம் கடையில் கேட்கும் வசனம் உங்களுக்கே தெரியும். ‘அண்ணே, கட்டைவிரல் விழலை, நடுவிரலை வைங்க. துடைச்சிட்டு வைங்க. சரி விடுங்க, வீட்ல அக்காவை வரச்சொல்லுங்க.’ அக்கா அதே பட்டறையில் வேலை பார்க்கிறார் என்பது மிஷினுக்குத் தெரியாது. பின்னாளில் கருவிழிக் கருவி வந்தது, 2025 ஆகஸ்டில் 70 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுபோகும் தாயுமானவர் திட்டம் வந்தது. இரண்டையும் நான் பாராட்டுவேன். ரேகை விழாததற்கு மாற்று வழியை மிஷினோடு சேர்த்தே யோசிக்காமல் இத்தனை வருடம் கழித்துக் கொண்டுவந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

[திரையில்: மகளிர் உரிமைத்தொகை விண்ணப்பம், வரி வரியாக]

இனி முக்கியமான இடம். 2023 செப்டம்பர் 15, கலைஞர் மகளிர் உரிமைத்தொகை, மாதம் 1,000 ரூபாய், தொடக்கத்தில் ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு. 1997ல் கோடு போட மறுத்த தமிழ்நாடு இங்கே கோடு போட்டது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள், நஞ்சை 5 ஏக்கர் அல்லது புஞ்சை 10 ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள், கார் இருக்கக் கூடாது. பெரும்பாலும் அரசுக் கணினியில் சரிபார்க்கக்கூடிய விஷயங்கள். கணினிக்கு எது கேட்க வசதியோ அதுதான் தகுதி ஆகிறது.

இதைச் செட்டிநாட்டு வீட்டுக்குள் கொண்டுவந்து பாருங்கள். பள்ளத்தூரில் ஒரு பெரிய வீடு என்று வைத்துக்கொள்வோம். பங்காளிகள் சென்னை, சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள், படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கும்தான் கூடுவார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் குடும்பம் பின்கட்டில் இருக்கிறது. முகப்புக்குப் பக்கத்து அறை ஒன்றைத் தவிர, மொத்த வீட்டுக்கும் மின் இணைப்பு ஒன்றுதான். கல்யாண வாரத்தில் வளவு (உள்முற்றம்) முழுக்க விளக்கு, அறைக்கு அறை ஏசி, பிறகு மாதம் பூராவும் மோட்டார். பின்கட்டுப் பெண் விண்ணப்பத்தில் எழுதக்கூடிய மின் இணைப்பு எண் அது ஒன்றுதான். அந்த முகப்பு அறையில் தனி மீட்டரோடு தனியாக இருக்கும் ஆச்சிக்கு அந்தக் கோட்டை மாதிரி வீட்டில் பங்கு உண்டு, ஆனால் வீட்டுப் பங்கு அந்தத் தகுதிக் கோட்டில் வரவே இல்லை. பின்கட்டுப் பெண் சிக்கிக்கொள்வார், ஆச்சி தேர்வாகலாம். யாரும் ஏமாற்றவில்லை, யாரும் லஞ்சம் வாங்கவில்லை, கட்சியின் கிளைச் செயலாளர் இந்தப் பக்கமே வரவில்லை.

கிளைச் செயலாளர் எங்கே என்கிறீர்களா? நிராகரிக்கப்பட்டவர்களுக்குச் செல்போனில் காரணம் வந்தது, 30 நாளுக்குள் கோட்டாட்சியருக்கு இ-சேவை வழியாக மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். காரைக்குடி வட்டத்துக்குக் கோட்டாட்சியர் அலுவலகம் தேவகோட்டையில். குறுஞ்செய்தியைப் படித்துச் சொல்ல, விண்ணப்ப எண்ணை எழுதி வைக்க, இந்த மின் இணைப்பு எங்களுடையது இல்லை என்று எப்படி எழுதுவது என்று சொல்லித்தர, ‘தேவகோட்டையில நமக்கு ஆள் இருக்கு, பார்த்துக்கலாம்’ என்று தைரியம் கொடுக்க ஆள் வேண்டியிருக்கிறது. முன்பு பட்டியலில் பெயர் சேர்த்தவர் இப்போது திருத்தத்துக்கு உதவுகிறார். பூட்டு புதுசு, சாவிக்கொத்து பழைய இடுப்பிலேயே. ஆனால் வித்தியாசமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது: காரணம் எழுத்தில் வந்துவிட்டதால், எதிர்க்கட்சிக்காரரும் அதே உதவியைச் செய்ய முடிகிறது. பக்கத்துத் தெரு கல்லூரிப் பெண்ணும் செய்ய முடிகிறது. பழைய பட்டியல் காலத்தில் ஏன் பெயர் இல்லை என்று கேட்டால் பதிலே வராது.

[திரையில்: காரைக்குடி மாநகராட்சிப் பெயர்ப்பலகை]

கடைசியாக ஒன்று. 2024ல் காரைக்குடி மாநகராட்சி ஆனது. கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளோடு சங்கராபுரம் போன்ற ஊராட்சிகளும் உள்ளே வந்தன. அப்போது நூறு நாள் வேலை ஊராட்சிக்கு மட்டும்தான் இருந்தது, மாநகராட்சிக்குக் கிடையாது. வேலை அட்டை சரி, ஆதார் சரி, வங்கிக் கணக்கு சரி, ஒருவர் பெயரைக்கூட யாரும் அடிக்கவில்லை, ஆனால் ஊரே பட்டியலை விட்டுப் போய்விடுகிறது. மாநகராட்சியோடு இணைப்பு என்றாலே தமிழ்நாடு முழுக்க ஊராட்சிப் பெண்கள் மனுவோடு கிளம்புவது இதனால்தான். இதற்கு 30 நாள் மேல்முறையீடு, குறுஞ்செய்தி என்று எதுவும் கிடையாது. திங்கட்கிழமை குறைதீர் நாளில் சிவகங்கை கலெக்டர் ஆபீசுக்குப் போகவேண்டும், அதற்கு வேன் பிடிக்கவேண்டும், வேன் யார் பிடித்துத் தருவார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.