தீக்கோட்டுக்கு எந்த மாதம் பணம்?

நேயர்களுக்கு வணக்கம்.

வனத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். காட்டுத்தீ பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் பேசப்போவது பெரும்பாலும் காலண்டரைப் பற்றி.

தமிழ்நாட்டுக் காடுகளில் தீக்காலம் பிப்ரவரி நடுவாக்கில் தொடங்கும். கோடை மழை ஏமாற்றினால் ஜூன் வரைகூட இழுக்கும். அரசின் நிதியாண்டோ மார்ச் 31-ஆம் தேதி முடிகிறது. ஆக, மலையில் சருகு பொரியும் நேரத்தில்தான் நாங்கள் ஆபீசில் பழைய கணக்கை மூடி, புதுக் கணக்குக்குக் காத்திருப்போம்.

தீத்தடுப்புக் கோடு, சுருக்கமாகத் தீக்கோடு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். புல், சருகு, உண்ணிப்புதர் எல்லாவற்றையும் ஒரே அகலத்துக்கு வெட்டி, காயவிட்டு, காற்று அடங்கிய நேரம் பார்த்து நாங்களே கொளுத்தித் தரையைக் கறுப்பாக்கிவிடுவோம். அந்தப் பக்கம் பிடித்த தீ, தின்ன எதுவும் இல்லாமல் அங்கேயே நின்றுவிடும். இதை நவம்பரில் செய்தால் மழை ஈரத்தில் புல் திரும்ப முளைத்துவிடும். பிப்ரவரி கடைசிக்குத் தள்ளிப்போட்டால் நாம் வைத்த தீயே கைமீறிப் போகும். பொங்கலை ஒட்டி ஐந்தாறு வாரம், அவ்வளவுதான் காலம். அந்த ஐந்தாறு வாரத்தில் கூலிக்குக் கையில் காசு இருக்க வேண்டும்.

காசு எங்கிருந்து வருகிறது? 1976-இல் அரசியல் சட்டத்தின் 42-ஆவது திருத்தம் காட்டை, மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலுக்குக் கொண்டுபோனது. செலவிலும் இரண்டு அரசுகளுக்கும் பங்கு உண்டு. காட்டுத்தீக்கென்று உள்ள மத்தியத் திட்டத்தில் நம்மைப் போன்ற மாநிலங்களுக்கு மத்திய அரசு 60 பங்கு, மாநிலம் 40 பங்கு. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90-க்கு 10. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முந்தின பணத்தைச் செலவழித்துவிட்டோம் என்று பயன்பாட்டுச் சான்றிதழ் போக வேண்டும், தவணை வர வேண்டும், மாநிலப் பங்கு சேர வேண்டும், பிறகு வனச்சரக அலுவலகம் வரை இறங்க வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு சரகத்தில், கோடு வெட்டும் பணம் மார்ச் இரண்டாம் வாரம் கைக்கு வந்த வருடம் உண்டு. வெட்டினோம். 31-க்குள் செலவு காட்ட வேண்டுமே.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. குரங்கணி மலையில் மலையேற்றம் போனவர்கள் தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதன் பிறகு விசாரணை நடந்தது, மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. தேவையானவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அப்போது நடந்த பேச்செல்லாம் யாருக்கு யார் அனுமதி கொடுத்தது என்பதிலேயே சுற்றியது. காய்ந்த புல்லைப் பற்றியும் அதை வெட்டும் கூலியைப் பற்றியும் பேசியவர்கள் குறைவு.

தகவல் சொல்வதில் நாம் நிறையவே முன்னேறியிருக்கிறோம். டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம், செயற்கைக்கோள் பார்த்த தீயைக் கைப்பேசிக்கே குறுஞ்செய்தியாக அனுப்புகிறது. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். அந்தச் செயற்கைக்கோள்களில் ஒன்று நம் தலைக்கு மேல் கடப்பது பகல் ஒன்றரை மணி வாக்கிலும் இரவு ஒன்றரை மணி வாக்கிலும். மூன்று மணிக்கு ஒருவன் வீசிய பீடித்துண்டு அதற்குத் தெரியாது. அதை முதலில் பார்க்கிறவர், மேட்டில் உட்கார்ந்திருக்கும் தீக்காவலர். அவர் தற்காலிகப் பணியாளர், மாதக்கணக்கில் கூலி.

ஆள் விஷயத்தில் உத்தராகண்டைப் பாருங்கள். 2024-இல் அங்கே காடு எரிந்துகொண்டிருக்க, வனப் பணியாளர்களைத் தேர்தல் வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். உச்ச நீதிமன்றமே கூப்பிட்டுக் கேட்க வேண்டியதாயிற்று.

பணக்கார நாடும் இதில் வழுக்கியிருக்கிறது. அமெரிக்க வனத்துறையின் பட்ஜெட்டில் தீச்செலவு 1995-இல் 16 சதவீதம். 2015-இல் பாதியைத் தாண்டிவிட்டது. தீ பிடித்ததும், காட்டைப் பராமரிக்க வைத்திருந்த பணத்தை எடுத்து அணைப்பார்கள். பராமரிக்காத காடு மறுவருடம் இன்னும் எரியும். விதை நெல்லைக் குத்தித் தின்ற கதைதான். 2018-இல் சட்டம் போட்டு, பெருந்தீ அணைப்பதற்கென்று தனி நிதியை ஒதுக்கினார்கள். 2020 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

நம்மூரில் கணக்குத் தலைப்பு, அதாவது எந்தப் பணத்தை எதற்குச் செலவழிக்கலாம் என்ற பிரிவு, படுத்தும் பாடு வேறு. ஒரு முகாமுக்குச் சருகு ஊதும் எந்திரம் வந்தது. முதுகில் மாட்டிக்கொண்டு ஊதினால், பத்துப் பேர் தழைக்கொத்தால் கூட்டும் வேலையை இரண்டு பேர் முடிக்கலாம். எந்திரம் வாங்கத் தலைப்பு இருந்தது, அதற்குப் பெட்ரோல் போடத் தலைப்பு இல்லை. காவலர் ஒருவர் தன் பைக் டேங்கிலிருந்து ட்யூப் போட்டு உறிஞ்சி ஒரு பாட்டிலில் பிடித்தார். "காசை அப்புறம் பாத்துக்கலாம் சார், காத்து திரும்புது" என்றார். மூன்று நாள் அப்படித்தான் ஓடியது. அந்த பில்லை எந்தத் தலைப்பிலும் சேர்க்க முடியவில்லை. கடைசியில் நாங்கள் நாலு பேர் பங்கு போட்டுக் கொடுத்தோம்.

நான் கேட்பது பெரிதல்ல. தீக்கோட்டுப் பணம் டிசம்பர் கடைசிக்குள் சரகத்தின் கைக்கு வரட்டும். மிச்சமிருந்தால் மார்ச்சில் பிடுங்காமல் ஜூன் வரை விட்டுவையுங்கள். கூலி, பெட்ரோல், குடிதண்ணீர், மூன்றும் ஒரே தலைப்பில் இருக்கட்டும்.

வணக்கம்.